4.12-ஐ நான் பார்த்தேனா?

9 ஜூலை 2025, புதன்

பீமராவ் சார் ஆகஸ்ட் மாதத்தோடு கிளம்புகிறார். மகள் மைசூரில் இருக்கிறாள், அங்கேயே ஒரு கம்பெனியில் இவருக்கும் இடம் கிடைத்துவிட்டது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார். பதினான்கு வருஷமாக இங்கே இருக்கிறவர். அந்த ஜன்னலோர நாற்காலியில் அவரைத் தவிர யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நாலு மணிக்கு முதலாளி சிவசங்கர் சார் கூப்பிட்டார். மேசையில் இரண்டு புத்தகம். ஒன்று டெஸ்டிங் பற்றியது, தடி. கையால் பார்க்கிற சோதனைகளை மெஷினே பார்க்கும்படி எழுதிவைப்பது எப்படி என்று. இன்னொன்று பில்ட் கருவிகள் பற்றி, பீமராவ் சார் பார்க்கிற வேலை, ஒல்லி.

"ரெண்டையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க ஷஹனாஸ். முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள ஒண்ணுல பேர் எழுதிடுங்க" என்றார்.

இந்த ஆபீஸில் அதற்கு என்ன அர்த்தம் என்று நேற்றுச் சேர்ந்தவர்களுக்குக்கூடத் தெரியும். வருஷத்துக்கு ஆளுக்கு ஒரு புத்தகம் வாங்கித் தருவார்கள். முதல் பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதிவிட்டால் அந்த வேலை அவருடையது. ஆர்டர் இல்லை, ஈமெயில் இல்லை. அலமாரியில் இருக்கிற புத்தகங்களைத் திறந்து பார்த்தால் யார் எதைச் செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எனக்கு இத்தனை வருஷமாகப் புத்தகமே தேவைப்பட்டதில்லை. கையும் கண்ணும் போதும் என்றிருந்தேன். இனி போதாது என்பதைத்தான் சார் இவ்வளவு நயமாகச் சொல்கிறார்.

வீட்டில் அனிஷா இரண்டையும் புரட்டிவிட்டு, "எல்லாரும் கோட் எழுதறாங்க. நீ என்னதாம்மா பண்றே?" என்றாள். எட்டாம் வகுப்புக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். ரத்தப் பரிசோதனை லேப்களில் ரிப்போர்ட் அடிக்கிற சாஃப்ட்வேர் எங்களுடையது. யாழினி மாதிரி ஆட்கள் எழுதுவதையெல்லாம் பீமராவ் சார் ஒன்றாகச் சேர்த்து ஒரே பேக்கேஜாகக் கட்டுவார், அதுதான் பில்ட். அதைப் போட்டுப் பார்த்து, தப்பில்லை, லேபுக்கு அனுப்பலாம் என்று கையெழுத்துப் போடுவது நான். பதினோரு வருஷமாக.

"அப்ப நீ டீச்சர் மாதிரி. பேப்பர் திருத்தறே" என்றாள். இருக்கலாம்.

10 ஜூலை, வியாழன்

டெஸ்டிங் புத்தகம்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அப்படியானால் பேனாவை எடுக்க ஏன் கை வரவில்லை?

11 ஜூலை, வெள்ளி

4.12 வெர்ஷன் முடிந்தது. யாழினி பத்து நாற்பதுக்குத்தான் தன் பகுதியைக் கொடுத்தாள். பதினொன்றுக்கெல்லாம் பேக்கேஜ் என் கைக்கு வந்துவிட்டது. ஒரு மணிக்குள் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் பதினேழு லேபுக்கும் போய்விட்டது.

நடுவில் மச்சான் போன், அனிஷாவின் அத்தா. கத்தாரில் வெள்ளி லீவு, ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்புகிறதுக்கு முன்னால் அவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் நிதானமாகப் பேச முடியும். காதில் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே பார்த்தேன். அனிஷாவின் கண்ணாடிப் பவர், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, அவருடைய ரூம்காரன் குறட்டை. இருபது நிமிஷம்.

14 ஜூலை, திங்கள்



காலை ஒன்பதேகாலுக்கு ஸ்ரீரங்கத்து லேபிலிருந்து இருசம்மாள் மேடம் போன் செய்தார். எட்டு மாதக் குழந்தைக்கு ஹீமோகுளோபின் 11.2. அந்த வயசுக்கு அது சரியான அளவு. ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சாகியிருந்ததோ பெரிய ஆணுக்கான அளவு. தடித்த எழுத்தில் 'குறைவு' என்று வேறு. சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் தாய் தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டி டவுனுக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கே மறுபடியும் ஊசி குத்தி, மறுபடியும் ரத்தம் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றுமில்லைதான். ஆனால் அந்த இரண்டு மணி நேரம்?

வயதை மாதத்தில் போட்டால் 4.12 அதைக் கவனிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை யாழினி மாற்றிய இடம் அது. அவள் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. எழுதுகிறவர்கள் தப்புப் பண்ணுவார்கள், அதைப் பிடிக்கத்தானே நான் இருக்கிறேன்.

"நீங்க குழந்தை வயசு போட்டுப் பார்த்தீங்களா?" என்றார் சார்.

பார்த்தேன் என்றேன். எட்டு மாதம் போட்டுத்தான் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது.

"சரியா வந்துச்சுன்னா அது எப்படிங்க அங்க தப்பா வரும்?"



15 ஜூலை, செவ்வாய்

லேபுகளுக்கெல்லாம் கடிதம் போய்விட்டது. தவறு திருத்தப்பட்டது, 4.13 இணைத்திருக்கிறோம், இத்யாதி. மூன்றாவது வரியில், 'எங்கள் பரிசோதகர் திருமதி ஷஹனாஸ் அவர்களின் கவனக்குறைவால்.' எனக்கும் ஒரு நகல் வந்தது. மரியாதையாக 'அவர்களின்' போட்டிருக்கிறார்கள்.

16 ஜூலை, புதன்

நோட்டை எடுத்துப் பார்த்தேன். 11/7. பதினான்காவது வரி: 'பாப்பா, 8 மாதம், Hb 11.0, அளவு சரி.' டிக். என் கையெழுத்துதான்.

டிக் இருக்கிறது. போட்டது பார்த்த கையா, பேசிக்கொண்டிருந்த கையா? அந்த நேரத்தில் மச்சான் தொட்டியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாரா? ஆமாம் என்று தோன்றுகிறது. இல்லை என்றும் தோன்றுகிறது. பதினோரு வருஷமாக ஒரே மாதிரி டிக். திரையைப் பார்க்காமல் போட்டிருந்தாலும் இதே மாதிரிதான் விழுந்திருக்கும்.

போன் பேசியதை யாரிடமும் சொல்லவில்லை. பீமராவ் சார் பார்த்திருப்பார். அவரும் சொல்லவில்லை.

18 ஜூலை, வெள்ளி

பதினொன்று ஐந்துக்கு மச்சான் கூப்பிட்டார். எடுக்கவில்லை. பதினொன்றேகாலுக்கு மறுபடியும். அதையும் எடுக்கவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

அனிஷா அவள் பெரியம்மா வீட்டாரோடு முக்கொம்பு போயிருக்கிறாள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு இரண்டு புத்தகத்தையும் கட்டிலில் விரித்துப்போட்டு உட்கார்ந்தேன்.

தடிப் புத்தகத்தை இருபது பக்கத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் என்னைப் பார்த்துப் பேசுகிறது. சலிப்பில் கண் எதையெல்லாம் தவறவிடும், சரியாக இருக்கும் என்று நம்புகிறவருக்குத் தவறு ஏன் தெரியாது, என்று. தெரியுமய்யா, தெரியும். மூடிவைத்தேன்.

ஒல்லிப் புத்தகம் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய நிம்மதி. எது முதலில், எது பிறகு, எதற்கு எது தேவை. பாதி புரியவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு இடம் வந்தது. சோதித்துப் பார்த்த பேக்கேஜையே அனுப்ப வேண்டும், அனுப்புவதற்காக இன்னொரு முறை கட்டக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். எழுந்து உட்கார்ந்தேன்.

நாங்கள் எப்போதும் இரண்டு முறைதானே கட்டுகிறோம். எனக்கு ஒன்று, பிறகு சாயங்காலம் ஒவ்வொரு லேபின் பெயரும் முகவரியும் சேர்த்து இன்னொன்று. அப்படியானால் நான் பார்த்தது ஒன்று, போனது ஒன்று.

நாளைக்குக் கேட்க வேண்டும். நாளை எப்போது வரும்?

21 ஜூலை, திங்கள்

கேட்டேன். பீமராவ் சார் முகம் சுளிக்காமல் பதிவேட்டைத் திறந்து காட்டினார்.

"யாழினி கொடுத்தது பத்து நாப்பது. அதுக்கப்புறம் யாரும் ஒரு எழுத்துகூட மாத்தலைம்மா. பத்து ஐம்பதுக்கு உங்களுக்குக் கட்டினேன். நாலு மணிக்கு லேபுக்குக் கட்டினேன். ரெண்டும் ஒரே கோட்தான். ஒரே மாவுல ரெண்டு தோசை."

அதோடு விட்டிருக்கலாம். "மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தைதான் தைத்தது.

22 ஜூலை, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு ஸ்ரீரங்கம் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. ராஜகோபுரத்து ஸ்டாப்பில் இறங்கி லேபுக்கு நடக்கும்போது, திரும்பிவிடலாமா என்று மூன்று தடவை நின்றேன்.

இருசம்மாள் மேடத்தை இதுவரை போனில் மட்டும்தான் தெரியும். ஐம்பது வயதிருக்கும். மருங்காபுரிப் பக்கத்திலிருந்து வந்து படித்து, சொந்தமாக லேப் வைத்தவர். ஒரு முதியவர் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தார். குத்தி முடிக்கிற வரைக்கும் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டார். பிறகு மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவிக் காட்டினார். எந்த வயதுக்கு எந்த அளவு என்று கையால் எழுதிய பட்டியல்.

"உங்க 4.13-ஐ நான் இன்னும் போடலை. போடவும் மாட்டேன். பழைய வெர்ஷனை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் இதோட ஒத்துப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு எழுபது ரிப்போர்ட். என் கண்ணுதான் போகுது. பரவாயில்லை, என் கண்ணை நான் நம்பலாம்ல."

தாளை மறுபடி கண்ணாடிக்கு அடியில் செருகினார்.

"முன்னாடியெல்லாம் புதுசு வந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுருவேன்ம்மா. கீழே உங்க பேர் இருக்கும். அது போதும்னு நினைப்பேன்."

திட்டியிருந்தால் தேவலை. பஸ்ஸில் பாலம் தாண்டுகிற வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். காவிரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

25 ஜூலை, வெள்ளி

மச்சான் கூப்பிட்டார். எடுத்து, வெள்ளிக்கிழமை இனிமேல் கூப்பிடாதீங்க என்றேன். ஏன் என்று கேட்டார். வேலை என்றேன். வேலை எப்பவும்தான் இருக்கு ஷானு, புதுசா என்ன என்றார். சொல்லிவிட்டேன். குழந்தை, ரிப்போர்ட், கடிதம், அன்றைக்கு அந்த இருபது நிமிஷம், எல்லாம்.

"அப்ப என்னாலதான்னு சொல்றியா?" என்றார்.

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு மூச்சு தாமதித்துவிட்டேன், அதற்குள் அவர், "சரிம்மா, இனி கூப்பிடலை. வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் 'டி' போடாமல் அவர் என்னை 'ம்மா' என்றது இதுதான் முதல் தடவை. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை இன்றைக்கு.

28 ஜூலை, திங்கள்

ஒல்லிப் புத்தகத்தில் பெயர் எழுதிவிட்டேன். ஷஹனாஸ், 28-7-2025. சாரிடம் காட்டினேன்.

"டெஸ்டிங் வேண்டாம்னுட்டீங்க" என்றார். நிறுத்தி, "ஓடிப்போறீங்களோன்னு ஒரு சந்தேகம் எனக்கு" என்றார்.

ஆமாம் சார், ஓடித்தான் போகிறேன். என் கண்ணை நம்பி எதுவும் இருக்காத இடத்துக்கு. சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். இன்றிலிருந்து பீமராவ் சார் பக்கத்தில் ஒரு நாற்காலி.

29 ஜூலை, செவ்வாய்

பில்ட் என்றால் அவர் ஒரு பட்டனை அழுத்துவார் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பட்டனுக்குப் பின்னால் நானூறு வரி ஸ்கிரிப்ட் இருக்கிறது. என்னென்ன செய்ய வேண்டும் என்று மெஷினுக்கு வரிசையாக எழுதிவைத்தது. அவரே அதை முழுசாகப் படித்து வருஷக்கணக்காகிறதாம். ஓடுகிறது, ஓடுகிறதை எதற்குத் தொட வேண்டும் என்கிறார். எனக்குத் தொடாமல் கற்றுக்கொள்ளத் தெரியாது. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றாம் வரியிலிருந்து படிக்கிறேன்.

30 ஜூலை, புதன்

212-ஆவது வரி. எழுதி வைக்கிறேன், இல்லையென்றால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

அங்கே ஏழு ஜோடி எண்கள் இருந்தன. 7.30–9. 3–4.30. 12–1.30. 1.30–3. 10.30–12. 9–10.30. 4.30–6. விளக்கம் எதுவும் இல்லை. கீழே ஒரு கட்டளை: இப்போதைய நேரம் இதற்குள் இருந்தால் புதிதாகக் கட்டாதே, கடைசியாகக் கட்டியதை எடுத்து, புது எண்ணை ஒட்டிக் கொடுத்துவிடு.

ஏழு என்றால் வாரம் என்பது புரிந்தது. நேரங்கள் புரியவில்லை. மெஷினுக்கு ஓய்வா? கரன்ட் கட்டாகிற நேரமா? அரை மணி நேரம் மண்டையைக் குடைந்துவிட்டுத் தண்ணீர் பிடிக்க எழுந்து போனேன். ஃபில்டருக்கு மேலே தினசரி காலண்டர். தேதிக்குக் கீழே, 'இராகு 12–1.30'. இன்றைக்குப் புதன். பழைய தாள்களையும் வரப்போகிற தாள்களையும் புரட்டினேன். திங்கள் ஏழரை ஒன்பது. செவ்வாய் மூன்று நாலரை. வெள்ளி பத்தரை பன்னிரண்டு.

ராகுகாலம். பேக்கேஜ் கட்டுகிற மெஷின் ராகுகாலம் பார்க்கிறது.

யாழினி கொடுத்தது பத்து நாற்பது. எனக்குக் கட்டியது பத்து ஐம்பது. வெள்ளிக்கிழமை. அப்படியென்றால் கட்டவே இல்லை. யாழினியின் மாற்றம் இல்லாத, அதற்கு முன்னால் கட்டிய பழையதைத்தான் 4.12 என்று எண் ஒட்டி எனக்குக் கொடுத்திருக்கிறது. அதில் எட்டு மாதக் குழந்தைக்கு அளவு சரியாகத்தான் வந்திருக்கும். நாலு மணிக்கு ராகுகாலம் இல்லை, நிஜமாகவே கட்டியது, அது போய்விட்டது.

நான் பார்த்தேன். பார்த்துத்தான் டிக் போட்டேன். யா அல்லாஹ், நான் பார்த்திருக்கேன்.

தண்ணீர் பாட்டில் ஃபில்டரடியில் நிரம்பி வழிந்திருக்கிறது. யாரோ வந்து மூடினார்கள்.

31 ஜூலை, வியாழன்

முதலில் பீமராவ் சாரிடம். வரியைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

எட்டு வருஷத்துக்கு முன்னால், வெள்ளிக்கிழமைகளில் போன வெர்ஷன் அடுத்தடுத்து இரண்டு முறை சொதப்பியதாம். ராகுகாலத்தில் எதையும் ஆரம்பிக்காதீர்கள் என்று சிவசங்கர் சார் சொல்லியிருக்கிறார். சொன்னதோடு விடாமல் தினமும் வந்து, ஆரம்பிச்சிட்டீங்களா, முடிஞ்சிடுச்சா, யார் அழுத்தினது என்று குடைச்சல். பொறுக்க முடியாமல் ஸ்கிரிப்டிலேயே எழுதிவிட்டார். அந்த நேரத்தில் அழுத்தினால் மெஷின் சத்தம் போடாமல் பழையதைக் கொடுத்துவிடும். யாரும் யாரையும் கேட்க வேண்டாம். சோதனைக்கான பேக்கேஜையும் அப்போதெல்லாம் சாயங்காலம் ராகுகாலம் கழிந்துதான் கட்டுவார், காலையில் கட்டுவது சமீபத்தில் வந்த பழக்கம், அதனால் இதுவரை மாட்டவே இல்லை. அவருக்கும் மறந்தே போய்விட்டது.

"இன்னும் ஒரு மாசம்தாம்மா இருக்கேன். சத்தமில்லாம எடுத்துடறேன். நல்ல பேரோட போயிடறேனே" என்றார்.

கெட்ட மனுஷர் இல்லை. எனக்கு மயக்கம் வந்த அன்றைக்கு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர். ஆனால் எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்று எனக்கு ஆறுதல் சொன்னாரே. பதினேழு லேபில் என் பேர் கிடக்கிறதே.

"நல்ல பேர் எனக்கும் வேணும் சார்" என்றேன். அவர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு, "நாளைக்கு வெள்ளிதானே. அவர் முன்னாடியே அழுத்திக் காட்டலாம். நானே அழுத்தறேன்" என்றார்.

1 ஆகஸ்ட், வெள்ளி

பத்து நாற்பத்தைந்து. யாழினி முதல் திரையில் இருந்த 'வணக்கம்' என்ற சொல்லை 'நல்வரவு' என்று மாற்றிக் கொடுத்தாள். பீமராவ் சார் அழுத்தினார். புது எண்ணோடு வந்தது. திறந்தால் 'வணக்கம்'.

சிவசங்கர் சார் மறுபடி அழுத்தச் சொன்னார். 'வணக்கம்'. தானே அழுத்தினார். 'வணக்கம்'. காரணத்தைச் சொன்னோம். தலை காலண்டர் பக்கம் திரும்பியது.

"நான் ஆரம்பிக்க வேண்டாம்னுதானே சொன்னேன். பழசை எடுத்துக் கொடுக்கவா சொன்னேன்?"

"ஆரம்பிக்காம எப்படி சார் புதுசு வரும்?" என்றார் பீமராவ் சார். பதினான்கு வருஷத்தில் அவர் எதிர்த்துப் பேசியது இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பன்னிரண்டு அடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்து போகவில்லை. பன்னிரண்டு ஒன்றுக்கு அழுத்தியதில் 'நல்வரவு' வந்தது. யாழினிக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்திருப்பேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சார் தடிப் புத்தகத்தை எடுத்து என் முன் வைத்தார். "மன்னிச்சுடுங்க ஷஹனாஸ். உங்க டெஸ்டிங்ல ஒரு குறையும் இல்லை. இதை எடுத்துக்குங்க. அதுல போட்ட பேரை அடிச்சிடலாம். கடிதத்தையும் நீங்களே எழுதுங்க, என்ன வேணுமோ எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

இதைத்தானே மூன்று வாரமாக வேண்டினேன். வீட்டுக்குப் போனதும் மச்சானுக்கு போன் போட்டேன். உங்களால இல்லை, உங்களால இல்லவே இல்லை என்று இரண்டு முறை சொன்னேன். "என்னடி ஆச்சு, அழுவுறியா?" என்றார். டி. அப்பாடா.

2 ஆகஸ்ட், சனி

யாழினி சும்மாதான் கேட்டாள். "அக்கா, நேத்து வந்ததுல கீழே பொடி எழுத்துல கட்டின நேரம் இருந்துச்சே. எப்பவுமே அப்படி வருமா?"

எப்பவுமே வருமாம். எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் மாதிரிக்கு ஒரு ரிப்போர்ட் அச்செடுத்துக் கையெழுத்திட்டு ஃபைலில் வைப்பேன். ஜூலை பதினொன்றின் தாளைத் தேடி எடுத்தேன். அடியில், எறும்பு மாதிரி எழுத்தில்: 4.12, 11/07, 09:34.

யாழினி கொடுத்தது பத்து நாற்பது. தாள் சொல்கிறது ஒன்பது முப்பத்து நான்கு. அதற்கு அரை விரல்கடை மேலே என் கையெழுத்து.

பதினோரு வருஷமாக அந்த எண்ணின் தலைமேல் கையெழுத்துப் போட்டுவந்திருக்கிறேன். ஒரு தடவை குனிந்து படித்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். கொடுத்ததைப் பார்த்தேன். எதைக் கொடுத்தார்கள் என்று பார்க்கவில்லை.

யாரும் இந்தத் தாளைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். எனக்கு ஒரே ஒரு நாள்தான் நிம்மதி கொடுத்து வைத்திருந்தது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபத்துக்குப் போகிற கூட்டத்தில் பாலக்கரையிலிருந்தே பஸ் நகரவில்லை. அனிஷாவைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போக முடியாமல் பாதி வழியில் திரும்பினோம்.

கடிதம். 'பேக்கேஜ் கட்டும் முறையில் இருந்த கோளாறால், சோதிக்கப்பட்டது ஒன்றும் அனுப்பப்பட்டது வேறொன்றுமாக அமைந்துவிட்டது. பரிசோதகர் மீது தவறில்லை.' எழுதிப் படித்தேன். எல்லாம் உண்மை. கடைசி வாக்கியத்தைத் தவிர.

அடித்தேன். மறுபடி எழுதினேன். அடித்தேன். எனக்கு என்ன பைத்தியமா? மூன்று வாரம் குற்றவாளியாகக் கிடந்தது போதாதா? 'கவனக்குறைவு' என்ற அதே வார்த்தையை இப்போது நானாகவே எழுதிக்கொள்ள வேண்டுமா?

இருசம்மாள் மேடம் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் தாள் நினைவிலிருந்து போகமாட்டேன் என்கிறது.

4 ஆகஸ்ட், திங்கள்

கடைசி வரிகளை இப்படி முடித்தேன்: 'ரிப்போர்ட்டின் அடியில் கட்டிய நேரம் அச்சாகியிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. படித்திருந்தால் இது உங்களிடம் வந்திருக்காது. இனி ஒவ்வொரு வெர்ஷனோடும் அந்த நேரத்தையும் எழுதி அனுப்புவோம், நீங்களும் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஷஹனாஸ்.'

சார் படித்துவிட்டு, "இந்த வரி வேணுமா? உங்களை யாரும் கேட்கலையே" என்றார்.

"இருக்கட்டும் சார்."

கையெழுத்துப் போட்டார். கூடவே தடிப் புத்தகத்தை மறுபடியும் என் பக்கம் தள்ளினார். இரண்டும் மேசையில் இருந்தன, ஜூலை ஒன்பதாம் தேதி மாதிரியே. இந்தத் தடவை ஓட வேண்டிய அவசியம் இல்லை. எதை எடுத்தாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அப்போதும் கை ஒல்லிக்குத்தான் போனது. இன்னும் நூற்றெண்பது வரி படிக்க பாக்கியிருக்கிறது. அதில் வேறு என்ன ஒளிந்துகொண்டிருக்கிறதோ என்று தெரியாமல் என்னால் வேறு வேலை பார்க்க முடியாது.

தடிப் புத்தகத்தில் யாழினி பெயர் எழுதினாள். எழுதுவதற்கு முன்னால், "அக்கா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். நல்லது, அந்தப் பயம் எனக்கு இருந்திருக்க வேண்டும்.

8 ஆகஸ்ட், வெள்ளி

212-ஆவது வரி போயாச்சு. சாரிடம் கேட்டுத்தான் எடுத்தேன். பத்தரைக்கு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார், கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். கட்டினேன். நல்லபடியாக வந்தது. மச்சான் போன் வந்தபோது மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினேன், மெஷினை விட்டுவிட்டு.

கடிதத்துக்குப் பதினாறு லேபும் பதில் போட்டுவிட்டன. ஸ்ரீரங்கம் மட்டும் இல்லை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

இன்றும் இல்லை. 4.13-ஐயும் போடவில்லை என்று பதிவேடு காட்டுகிறது. எழுதியிருக்கவே கூடாதோ?

20 ஆகஸ்ட், புதன்

காலையில் 4.14 அனுப்பினோம். கட்டியது நான், பார்த்தது யாழினி. பத்தேகாலுக்கு என் சொந்த நம்பரில் போன். இருசம்மாள் மேடம்.

"என்னம்மா, புதுசு அனுப்பிருக்கீங்க. நீங்க பார்த்தீங்களா?"

நான் இப்போது டெஸ்டிங்கில் இல்லை, யாழினி என்று ஒருத்தி நன்றாகப் பார்க்கிறாள் என்று சொன்னேன்.

"அவங்க பார்க்கட்டும். நீங்க பார்த்தீங்களா?"

பத்து நிமிஷம் கொடுங்க மேடம் என்றேன். பத்து நிமிஷத்தில் முடியவில்லை, நாற்பது ஆனது. எட்டு மாதம், பதினொரு மாதம், பிறந்து மூன்று நாள், எழுபத்திரண்டு வயது. அடியில் நேரம். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிட்டுக் கூப்பிட்டேன்.

"பார்த்துட்டேன் மேடம்."

"சரி, போட்டுக்கிறேன்" என்றார். யாரோ ரத்தம் கொடுக்க வந்திருந்தார்கள் போலிருக்கிறது, உட்காரச் சொல்லிக்கொண்டே போனை வைத்தார்.